துறைமுகப் படமும் ஒரு கறுப்புக் கல்லும்

எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு கேள்வி போதும். "படம் வடிவாத்தான் இருக்கு, ஆனால் ஆள் எங்கை?"

இருபத்தாறு வயதுக்குள், நான் கீறின படங்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை எண்ணினால் கைவிரல் கால்விரல் எல்லாம் போதாது. திருகோணமலைப் பட்டினத்தில் அண்ணன் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆட்களை இருத்திப் படம் எடுப்பது அவருடைய வேலை. அவர்களுக்குப் பின்னால் தொங்கும் சீலையில் காட்சி கீறுவது என்னுடைய வேலை. பனிமலை, நீர்வீழ்ச்சி, மாளிகைப் படிக்கட்டு, குளத்தில் இரண்டு அன்னம். பனியை நான் கண்டதில்லை. அன்னத்தையும் கண்டதில்லை, வாத்தின் கழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அன்னம் என்று வைத்துக்கொண்டேன். சல்லியிலிருந்து வரும் புதுமாப்பிள்ளையும் கிண்ணியாவிலிருந்து வரும் கடை முதலாளியும் அந்த வாத்துகளுக்கு முன்னால் கதிரையில் இருந்து, மூச்சை அடக்கிப் படம் எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போனார்கள்.

ஒருமுறை எனக்குப் புத்தி கெட்டுப்போய், அன்னத்தை விட்டுவிட்டு எங்கள் துறைமுகத்தையே பெரிய சீலையில் கீறித் தொங்கவிட்டேன். முதலில் வந்தவர் கிண்ணியா முதலாளி. சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தண்ணியத் தாண்டித்தானே இப்ப வந்த. திரும்பவும் இதுக்கு முன்னாலயா இரிக்கிற? அந்த அன்னத்தக் கொண்டாங்க."

அண்ணன் சீலையைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் செருகினார். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. பின்னேரம் பசி பொறுக்காமல் இரண்டு ரொட்டி தின்றேன், அது வேறு கதை.

இந்த நிலையில்தான் சித்திர ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். காரணம் மச்சாள். அம்மாவின் தமையனுடைய மகள். அடுத்த வளவு, நடுவில் ஒரு கிடுகு வேலி. எனக்கும் அவளுக்கும் விருப்பம் என்பது ஊருக்கே தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "சீலை கீறுறவருக்கு நான் பிள்ளையைக் குடுக்கேலாது. கவுண்மேந்து வேலை எடுக்கட்டும், பிறகு கதைப்பம்."

மாமா துறைமுகத்து லாஞ்சிப் படகில் சுக்கான் பிடிக்கிறவர். வெளியிலிருந்து வருகிற கப்பலை அவருடைய லாஞ்சிதான் முன்னே போய் வழிகாட்டிக் கூட்டிவரும். கப்பல் வரும் வாய்க்கால் எங்கே ஆழம், கல் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தன் வீட்டுக் குசினி மாதிரி. வெள்ளைக்காரன் இருந்த காலத்திலும் அவரைத்தான் கேட்டார்கள், அவன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அவரைத்தான் கேட்டார்கள். அவர் வாயிலிருந்து துறைமுகத்தைப் பற்றி ஒரு பிழையான சொல் வந்ததில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். கப்பல் சரியான இடத்துக்கு வந்ததும் வலக்கையைத் தூக்கி "இப்ப வரலாம்" என்பாராம். அது பழகிப்போய், சோறு போடவா என்று மாமி கேட்டாலும், கோயிலுக்குப் புறப்படும்போதும் "இப்ப வரலாம்" என்றுதான் சொல்வார்.

அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பழைய தாள் மாட்டியிருந்தது. கடலில் நின்று பார்த்தால் எங்கள் கரை எப்படித் தெரியும் என்று யாரோ பேர் தெரியாத வெள்ளைக்கார மாலுமி பேனையால் கீறியது. முனைகள், மேடுகள், ஒரு தனிப்பனை. மாமா அதைக் காட்டி என்னிடம் சொல்வார்: "இதுதான் படம். இதைப் பார்த்துக் கப்பல் வரலாம். உம்மடை அன்னத்தைப் பார்த்து ஆர் வரலாம்?"

வேலைக்கு இரண்டு சோதனை. ஒன்று, நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறு பற்றி எழுதவேண்டும். மற்றது, வெளியிடத்தில் இருந்து நேரில் பார்த்து ஒரு நிலக்காட்சி கீறிக் கொடுக்கவேண்டும். நேரில் பார்த்துக் கீறியதுதான் என்று ஒரு பொறுப்பான உத்தியோகத்தர் முத்திரையோடு எழுதித் தரவேண்டும்.

வரலாற்றுக்கு நூலகத்தில் தலையணைத் தடிப்பில் ஒரு இங்கிலீசுப் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். படித்ததை வேலிக்கு அங்கால் நிற்கும் மச்சாளுக்குச் சொல்லித்தான் பாடமாக்கினேன்.

"முந்திப் படங்களிலை நிலமே இல்லை. சாமி, ராசா, இவையள்தான் முழுக்க. எங்கடை கோயில் சுவரைப் பாருமன், ஒரு மரமும் ரெண்டு மானும் நிண்டால் அது காடு."

"எங்கடை பட்டினத்துக் கோட்டைக்குள்ள புல்லு மேயிற மானெல்லாம் அப்ப என்ன காடோ?"

"பகிடி விடாமல் கேளும். சீனாக்காரர் மட்டும் அப்பவே மலையையும் மூடுபனியையும் கீறிப்போட்டினம். வெள்ளைக்காரர் நெடுகவும் முன்னுக்கு ஒரு பரிசுத்தரை இருத்தி, அவருக்குப் பின்னாலை ஒரு சின்ன யன்னல் வைச்சு, அதுக்குள்ளதான் ஆறும் மலையும் கீறினவை. ஆனால் கீறினவனுக்கு மனமெல்லாம் அந்த யன்னலிலைதான். வர வர யன்னல் பெருக்குது, பரிசுத்தர் சிறுக்கிறார். கடைசியிலை கட்டைவிரல் அளவிலை ஒரு மரத்தடியிலை நிக்கிறார். பிறகொரு நாள் அவர் படத்தை விட்டே இறங்கிப் போயிட்டார். வெறும் நிலம், வானம், தண்ணி."

மச்சாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஆள் எங்கை?"

பார்த்தீர்களா? அவளும் கேட்டாள்! இரண்டு நாள் நான் வேலிப்பக்கமே போகவில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் என் கண்ணைத் திறந்தது உண்மை. ஆளுக்குப் பின்னால் நான் தொங்கவிடும் சீலை அந்தப் பரிசுத்தரின் யன்னல்தான் என்று விளங்கியது. அண்ணனுடைய ஸ்டூடியோ வரலாற்றில் ஐந்நூறு வருசம் பிந்தி நிற்கிறது என்று கண்டுபிடித்து அவரிடமே சொன்னேன். "நீ முந்திப் போய் நில்லு, நான் சீலையைச் சுருட்டிப்போட்டுப் பிறகு வாறன்" என்றார். ஒல்லாந்தரைப் பற்றிப் படித்தபோதும் எரிச்சல்தான். அவர்கள் நாட்டில் மலை இல்லையாம், அந்தக் குறைக்கு வானத்தைக் கீறித் தள்ளினார்களாம். எங்களுக்குக் கந்தோர், கக்கூசு என்ற சொற்களையெல்லாம் தந்துவிட்டுப் போனவர்கள் அந்த வித்தையை மட்டும் தராமல் போய்விட்டார்கள்.

பிந்திய காலத்தில் சாயம் குழாயில் அடைத்து வரத் தொடங்கியதும், ஓவியர்கள் அறையை விட்டு வெளியே போய் வெயிலில் இருந்து கீறினார்களாம். நானும் அப்படியே செய்தேன். உவர்மலைச் சரிவில் ஒரு வேப்பமரத்தடி பார்த்து, அண்ணனின் எண்ணெய்ச் சாயத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு விடியக்காலையிலேயே போய் இருந்தேன். கீழே துறைமுகம். நடுவில் சின்னத் தீவு, தீவுக்கு இடப்பக்கம் அலை விலகும்போது தலைகாட்டும் ஒரு கறுப்புக் கல், இரண்டுக்கும் நடுவே கடும்நீல வாய்க்கால், அப்பால் சரிந்து இறங்கும் மலை. மூன்று காலை இருந்தேன். இரண்டாம் நாள் ஒரு ஆடு என் சாப்பாட்டுப் பார்சலைத் தின்றுவிட்டது, நான் எழும்பவில்லை. கண்டதைத் தவிர ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாத்தை அன்னமாக்காமல் கீறினேன். அந்தக் கல்லின் மேல் வெள்ளை நுரை வைத்தபோது எனக்கே மேல் சிலிர்த்தது.

மூன்றாம் நாள் முடிக்கிற நேரம், தோளில் துவக்கோடு இரண்டு காவற்காரர் பின்னால் நின்றார்கள். துறைமுகத்தைப் படம் கீறக் கூடாது, அது பாதுகாப்பு இடம். எனக்கு அது தெரியாதா? ஸ்டூடியோக்காரன் எனக்கு, கமெரா கொண்டுபோகக் கூடாது என்று நன்றாகத் தெரியும். தூரிகைக்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

என்னையும் ஈரம் காயாத படத்தையும் காவல் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் நல்ல மனுசன், தமிழும் கதைப்பார். படத்தை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். இது பிறத்தியார் கையில் போனால், இதைப் பார்த்து ஒரு கப்பல் இரகசியமாக உள்ளே வரமுடியுமா? முடியும் என்றால் என்னை விடமுடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கூட்டிவரச் சொன்னார்.

அரை மணித்தியாலத்தில் மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

என்னைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போனார், விலகி நின்றார், கண்ணைச் சுருக்கினார். அவ்வளவு நேரம் யாரும் என் படத்தைப் பார்த்ததில்லை. என்னை வைத்திருக்கிற இடத்தையும் மறந்து, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை நம்பி வந்தால் கப்பல் கல்லிலைதான் ஏறும் ஐயா," என்றார் மாமா. "கல் தீவுக்கு வலப்பக்கம் கிடக்கு, இவர் இடப்பக்கம் கீறியிருக்கிறார். வாய்க்கால் இவ்வளவு ஒடுக்கம் இல்லை. மலையும் இப்பிடிச் சரியாது. மூண்டும் பிழை."

"கல் அங்கைதான் கிடக்கு!" என்று கத்தினேன் நான். "என்ரை ரெண்டு கண்ணாலையும் பார்த்தனான்!"

குற்றம் சாட்டப்பட்டவன் குற்றத்தை நிரூபிக்கப் பாடுபட்டதை அந்தக் கந்தோர் அன்றைக்குத்தான் கண்டிருக்கும். பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமாவின் சப்பாத்து என் காலில் ஏறி நின்றது.

"பேசாமல் இரும்! ஐயா, இவர் ஸ்டூடியோவிலை சீலை கீறுறவர். அன்னம் கீறத் தெரியும். கடல் தெரியாது."

பெரியவர் சிரித்தே விட்டார். ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, படத்தோடு என் கையில் தந்தார். இன்னார் உவர்மலைச் சரிவிலிருந்து மூன்று நாள் காலை வேளைகளில் நேரில் பார்த்துக் கீறிய இப்படம் பரிசீலிக்கப்பட்டது. இது இத்துறைமுகத்தின் எப்பகுதியையும் ஒத்திருக்கவில்லை. ஆகவே திருப்பிக் கொடுக்கப்படுகிறது.

என்னைச் சிறையில் போட்டிருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்கமாட்டேன். வேலி ஓரத்தில் நின்று மச்சாளிடம் கடிதத்தை நீட்டினேன். "எல்லாம் முடிஞ்சுது. உங்கடை அப்பா என்ரை கண்ணையே பிடுங்கிப்போட்டார். இனி எந்த உத்தியோகத்தரிட்டை நான் போய் முத்திரை கேக்கிறது?"

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "நேரிலை பார்த்துக் கீறினது எண்டு இருக்கு. முத்திரையும் இருக்கு. அவை கேட்டது அதுதானே? ஒத்திருக்கோ எண்டு ஆரும் கேக்கேல்லையே."

அந்தக் கடிதத்தையே படத்தோடு இணைத்து அனுப்பினேன். வேறு வழி இல்லை. எழுத்துச் சோதனையிலும் தேறி, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் இருந்த மூன்று பேரும் கடிதத்தைக் கைமாற்றி வாசித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூண்டு நாள் பார்த்தும் ஒத்துவராத இடத்தை இவ்வளவு நம்பிக் கீறியிருக்கிறீர், பிள்ளையளையும் நம்புவீர்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வேலை கிடைத்தது. மாமா தன் சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த ஆவணியில் கலியாணம்.

வேலை கிடைத்தாலும் என் நெஞ்சில் முள் போகவில்லை. ஒருநாள் குடாவுக்கு அப்பால் மூதூருக்குப் போகும் லாஞ்சியில் ஏறிப்போய் நானே பார்த்தேன். திரும்பி வரும்போது முன்னால் நின்று கவனித்தேன். கல் தீவுக்கு வலப்பக்கம்தான் கிடந்தது! மாமா சொன்னபடியே. அன்றோடு என் கண்ணில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. கலியாணத்துக்கு முதல் கிழமை, திரும்பி வந்திருந்த படத்தை எடுத்து, கல்லை வலப்பக்கம் மாற்றி, வாய்க்காலை அகட்டி, மலையையும் மாமா சொன்ன மாதிரிச் சரித்து, சட்டம் போட்டுக் கொண்டுபோய் அவருக்கே பரிசாகக் கொடுத்தேன்.

"நீங்கள் சொன்ன மூண்டு பிழையையும் திருத்தியிருக்கிறன் மாமா."

அதில் மரியாதை பாதி, குத்தல் பாதி. மாமா படத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ம்," என்றார். அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பழைய மாலுமியின் தாளுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அவருடைய சாய்வுக் கதிரை முந்தி அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தது. படம் மாட்டிய மறுநாளே அதைத் திருப்பிப் போட்டார். பன்னிரண்டு வருசம்! பொங்கலுக்குப் போனாலும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லீவுக்குப் போனாலும், மனுசன் என் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். வீட்டுக்கு வந்து, இப்போது மனுசியாகிவிட்ட மச்சாளிடம் எரிந்து விழுவேன். "விடுங்கோவன், அவருக்கு முதுகிலை காத்துப் பட வேணுமாக்கும்" என்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் நான் அந்தப் பன்னிரண்டு வருசம் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கண்ணை நம்பாதையுங்கோ, தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டுக் கீறுங்கோ.

ஓய்வு எடுத்துச் சில வருசத்தில் மாமா கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி எழும்பி நடக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை முன் ஹோலில் போட்டோம். யன்னல் காற்று வேண்டும் என்று மனுசி கட்டிலைப் போட்ட மாதிரியில், அவருக்கு நேரே கண்ணுக்கு முன்னால் என் படம். மூன்றாம் நாளே மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை, எல்லோர் மேலும் சினம். நான் போனபோது படத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"உதைக் கழட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! சுகமில்லாத மனுசன் என்றும் பார்க்கவில்லை. "பன்னிரண்டு வருசம் முதுகைக் காட்டினது காணாதெண்டு இப்ப கழட்டவோ? என்ன குறை அதிலை? நீங்கள் சொன்ன பிழை எல்லாத்தையும் திருத்தித்தானே தந்தனான்?"

"திருத்தினதுதான் பிழை."

"என்ன?"

"கல் இடப்பக்கம்தான் கிடக்கு. நீர் முதல் கீறின இடத்திலைதான்." மாமா முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாய்க்காலும் சரி. மலையும் சரி. மூண்டும் சரியாத்தான் கீறினனீர். அதைப் பார்த்து ஒரு சின்னப்பிள்ளையும் கப்பல் கொண்டு வந்திருக்கும். அதை நான் அண்டைக்குச் சொல்லியிருந்தால் உம்மை வெளியிலை விட்டிருப்பாங்களோ? என்ரை பிள்ளை வேலியடியிலை அழுதுகொண்டெல்லோ நிண்டவள்."

கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். "நான் லாஞ்சியிலை போய்ப் பார்த்தனான் மாமா. வலப்பக்கம்தான் கிடந்தது."

"கரையிலை இருந்து பார்க்க இடப்பக்கம் இருக்கிறது கடலிலை இருந்து பார்க்க வலப்பக்கம்தானே இருக்கும்! ஐயோ, இடம் வலம் தெரியாதவருக்கோ என்ரை பிள்ளையைக் குடுத்தனான்?"

குசினி வாசலில் மனுசி சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? துறைமுகத்தைப் பற்றி நான் வாழ்க்கையிலை சொன்னது ஒரேயொரு பொய். அதை நீர் சட்டம் போட்டுக் கொண்டுவந்து என்ரை வீட்டுச் சுவரிலையே மாட்டிவிட்டீர். பார்க்கிற நேரமெல்லாம் ஒரு கப்பல் கல்லிலை ஏறுற மாதிரிக் கிடக்கு. அதுதான் கதிரையைத் திருப்பினனான்." குரலை இறக்கிச் சொன்னார். "கல்லைப் பழைய இடத்திலை வையுமன்."

அன்றைக்கே வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாயப் பெட்டியை எடுத்து வந்தேன். படத்தைக் கட்டிலுக்கு முன்னால் கதிரையில் சாய்த்து வைத்துக் கீறினேன். மாமா ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. உவர்மலைச் சரிவில் கண்டது எல்லாம் என் கையில் அப்படியே இருந்தது. கல் இடப்பக்கம் வந்தது. வாய்க்கால் ஒடுங்கியது. மலை பழையபடி சரிந்தது. கல்லின் மேல் நுரை வைக்கும்போது கண் கலங்கி, இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வைத்தேன்.

பிறகு, யாரும் கேட்காமலே, வாய்க்காலுக்குள் ஒரு சின்ன லாஞ்சியை வைத்தேன். அதன் முன்பக்கத்தில் நகத்தளவு ஒரு ஆளை நிறுத்தினேன்.

மாமா கண்ணைச் சுருக்கினார். "ஆர் அது?"

"நீங்கள்தான் மாமா."

"தொப்பி போட்டிருக்கிறனோ?"

இல்லை. தூரிகையின் நுனியால் ஒரு புள்ளி வைத்தேன். "ஓம், போட்டிருக்கிறீங்கள்."

நெடுநேரம் பார்த்தார், அன்றைக்குக் கந்தோரில் பார்த்த மாதிரியே. பிறகு போர்வைக்குள் இருந்து வலக்கையை மெல்ல வெளியே எடுத்துத் தூக்கினார்.

"இப்ப வரலாம்," என்றார்.